பாலையில் துணைநின்ற திருநாமம்

சிங்கப்பூரின் வாட்டர்லூ தெருவில் ஸ்ரீகிருஷ்ணன் கோயிலும் குவான்யின் கோயிலும் அருகருகே அமைந்துள்ளன. குவான்யினை வழிபட்டுத் திரும்பும் சீன அன்பர்கள், கண்ணனின் சந்நிதிக்கு முன்னும் ஊதுவத்தி ஏற்றிக் கைகூப்பிச் செல்வது அங்கே அன்றாடக் காட்சி. வெண்ணிற ஆடையும் கையில் நீர்க்கலசமும் கொண்டு தாயாய்க் காட்சி தரும் அந்தக் குவான்யின், நம் நாட்டு மகாயான பௌத்தர்கள் வணங்கிய அவலோகிதேஸ்வரர் என்னும் போதிசத்துவரே ஆவார். இந்தியாவில் ஆண் உருவில் வணங்கப்பட்ட அவர், சீன மண்ணில் ஏறத்தாழ 10-ஆம் நூற்றாண்டிலிருந்து சிறிது சிறிதாக அன்னையின் வடிவம் பெற்றார். உயிர்களின் துயரம் முழுவதும் தீரும்வரை தமக்கெனப் புத்தநிலையையும் வேண்டாதவர் என்பது அவரைப் பற்றிய நம்பிக்கை.

அவருடைய இருப்பிடம் தமிழகத்தின் தென்கோடியில் உள்ள ஒரு மலை என்ற செய்தியைச் சீன உலகிற்கு விரிவாக எழுதித் தந்தவர் யுவான் சுவாங். ஹர்ஷரின் காலத்தில் இந்தியா வந்த யாத்திரிகர் என்ற அளவில் பள்ளிப் பாடங்கள் அவரை நமக்கு அறிமுகம் செய்கின்றன. சான்றிதழ்போல் அந்த ஒரு வரியோடு அவரை விட்டுவிடுகிறோம். வரலாற்று ஆசிரியர்களுக்கு அவர் ஊர்களையும் தூரங்களையும் துல்லியமாகக் குறித்து வைத்த சாட்சி. ஆனால் வாழ்நாள் முழுவதும் ஒரு திருநாமத்தைப் பற்றிக்கொண்டு நடந்த பக்தராகவும் அவர் இருந்தார்.

நோயாளி தந்த உபதேசம்

இன்றைய ஹெனான் மாநிலத்தில், லோயாங் நகருக்கு அருகில், கி.பி. 602-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். குடும்பப் பெயர் சென். பெற்றோர் இட்ட பெயர் யி. நான்கு ஆண் மக்களில் இளையவர். கன்பூசிய நெறியில் ஊறிய கல்விமான்களின் குடும்பம் அது. இரண்டாவது தமையனார் முன்னரே பௌத்தத் துறவியாகி லோயாங்கில் ஒரு மடத்தில் இருந்தார். தந்தை மறைந்தபின் சிறுவனும் அங்கே சென்று சேர்ந்தான். துறவறம் புகுவதற்குரிய வயது நிரம்பாதிருந்தும், தேர்வு செய்ய வந்த அரசு அதிகாரி அவனது அறிவைக் கண்டு 13-ஆம் வயதிலேயே இளந்துறவியாக அனுமதித்தார்.

கி.பி. 618-இல் சுயி அரச வம்சம் வீழ்ந்தது. நாடெங்கும் போரும் பஞ்சமும் மூண்டன. சகோதரர் இருவரும் மலைகள் சூழ்ந்த சிச்சுவான் பகுதிக்குச் சென்று தங்கினர். அங்கே 20-ஆம் வயதில் யுவான் சுவாங் முழுமையான துறவு தீட்சை பெற்றார்.

அந்த நாட்களில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவத்தை, அவருடைய சீடர் ஹுய்லி எழுதிய வரலாறு குறிப்பிடுகிறது. உடலெங்கும் புண்ணாகி, கந்தையும் நாற்றமுமாய்க் கிடந்த ஒரு நோயாளியை யுவான் சுவாங் கண்டார். அருவருப்பின்றி அவரை மடத்திற்கு அழைத்து வந்து, உணவுக்கும் உடைக்கும் பொருள் கொடுத்தார். அந்த ஏழையிடம் பதிலுக்குக் கொடுக்க ஒன்றுதான் இருந்தது. அவலோகிதேஸ்வரர் உணர்ந்த பேருண்மையைச் சில வரிகளில் சொல்லும் பிரஜ்ஞாபாரமிதா ஹிருதய சூத்திரத்தை அவர் யுவான் சுவாங்கிற்கு ஓதிக் கொடுத்தார். பிற்காலத்தில் 600 சுருள்கள் கொண்ட மகா பிரஜ்ஞாபாரமிதையைச் சீனத்தில் பெயர்த்த பேரறிஞர், அந்த ஞானத்தின் சாரத்தைப் பெற்றது ஒரு தெருவோரத்து நோயாளியிடம்! அன்று முதல் அந்தச் சூத்திரம் அவரது நித்திய பாராயணம் ஆயிற்று.

கற்கக் கற்க அவருக்கு ஐயம் வளர்ந்தது. சீனத்தில் கிடைத்த சாஸ்திரங்கள் குறையானவை. ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு பொருள் சொன்னார். எல்லா உயிர்களுக்கும் புத்தநிலை அடையும் தகுதி உண்டா, சிலருக்கு அது என்றுமே இல்லையா என்ற வினாவுக்கும் அங்கே தெளிவான விடை இல்லை. மூல நூல்களை அவை பிறந்த மண்ணிலேயே கற்பது என்று முடிவு செய்தார். டாங் பேரரசர் டைசுங் ஆட்சிக்கு வந்த தொடக்கக் காலம் அது. நாட்டின் எல்லையைத் தாண்ட எவருக்கும் அனுமதி இல்லை. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. உடன்வர இசைந்திருந்தவர்கள் பின்வாங்கினர். கி.பி. 629-இல் யுவான் சுவாங் தனியே தலைநகரை விட்டுப் புறப்பட்டார்.

நான்கு இரவுகள், ஐந்து பகல்கள்

எல்லைப்புறம் வரை பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் சென்றார். வழிகாட்டியாக ஓர் இளைஞன் வந்தான். ஹாமி நகருக்குப் பாலைவழியே 15 முறை சென்று வந்த ஒரு கிழட்டுச் சிவப்புக் குதிரையை, முதியவர் ஒருவர் அவரிடம் மாற்றிக் கொடுத்தார். ஆற்றைக் கடந்த முதல் இரவிலேயே அந்த இளைஞன் கத்தியை உருவிக்கொண்டு, உறங்கும் துறவியை நோக்கி எழுந்து வந்தான். தப்பிச் செல்பவருக்குத் துணைநின்றதற்காகத் தன் உயிர் போய்விடுமோ என்ற அச்சம் அவனுக்கு. யுவான் சுவாங் எழுந்து அமர்ந்து அவலோகிதேஸ்வரரின் நாமத்தை ஓதத் தொடங்கினார். அவன் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டான். மறுநாள் அவனுக்கு விடைகொடுத்து அனுப்பினார்.

இனி எல்லைக் காவல் கோபுரங்கள். முதல் கோபுரத்தின் அருகில் நீர் முகக்கக் குனிந்தபோது அம்பு ஒன்று முழங்காலை உரசிச் சென்றது. ஒளியாமல் தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். காவல் தலைவர் பௌத்தர். திரும்பிச் செல்லுமாறு எவ்வளவோ கூறியும் துறவி அசையாததால், தாமே வழி சொல்லி அனுப்பினார். அதற்கப்பால் மோஹேயன் பாலைவனம், 800 லி அகலம். ஒரு லி என்பது ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர். பறவையோ விலங்கோ புல்லோ நீரோ இல்லாத வெளி.

அங்கேதான் விபரீதம் நேர்ந்தது. நீர் நிறைத்திருந்த தோற்பை கைதவறிக் கவிழ்ந்தது. பல நாள் பயணத்திற்கான நீர் ஒரு நொடியில் மணலுக்குள் மறைந்தது. வழியும் தவறியிருந்தது. வேறு வழியின்றிக் காவல் கோபுரத்தை நோக்கிப் பத்து லி தூரம் திரும்பி நடந்தார். பாரதத்தை அடையாமல் கிழக்கு நோக்கி ஓர் அடியும் வைப்பதில்லை என்று தாம் செய்த சபதம் அப்போது நினைவுக்கு வந்தது. கிழக்கே போய் உயிர் வாழ்வதைவிட மேற்கே போய் இறப்பது மேல் என்று தமக்குள் சொல்லிக்கொண்டு குதிரையைத் திருப்பினார்.

நான்கு இரவுகளும் ஐந்து பகல்களும் ஒரு துளி நீர் தொண்டையை நனைக்கவில்லை. இரவில் பேய்களின் பந்தங்கள் போல ஒளிகள் தோன்றின. பகலில் மணற்காற்று மழையாய்ப் பொழிந்தது. விகார உருவங்கள் சூழ்ந்து வந்தபோது அவலோகிதேஸ்வரரின் நாமத்தைச் சொல்லியும் அவை முற்றும் அகலவில்லை என்றும், நோயாளி கற்பித்த ஹிருதய சூத்திரத்தை வாய்விட்டு ஓதியதும் கலைந்தன என்றும் ஹுய்லி எழுதுகிறார். வியப்பூட்டும் நேர்மை இது. குருவின் பெருமையை எழுத வந்த சீடர், நாமம் முழுப் பலன் தரவில்லை என்ற செய்தியை எளிதில் மறைத்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் அவராலும் குதிரையாலும் நடக்க இயலவில்லை. மணலில் வீழ்ந்து கிடந்தபடி, போதிசத்துவரை மனத்தில் இருத்தி முறையிட்டார். இந்தப் பயணம் செல்வத்துக்காக அன்று, புகழுக்காகவும் அன்று; உண்மைத் தர்மத்துக்காக மட்டுமே வந்திருக்கிறேன்; உயிர்களின் துன்பம் தீர்ப்பது தங்கள் தொழில் அல்லவா; இது துன்பம் என்பது தங்களுக்குத் தெரியவில்லையா என்பதே அந்த முறையீட்டின் பொருள். நம் நாயன்மார்களும் ஆழ்வார்களும் இறைவனிடம் உரிமையோடு வழக்காடுவதைக் கேட்டுப் பழகிய செவிகளுக்கு இந்தத் தொனி புதிதல்ல.

நள்ளிரவில் குளிர்ந்த நீரில் நீராடியதுபோல் ஒரு காற்று வீசியது. கண் திறந்தது, குதிரையும் எழுந்தது. சிறிது உறங்கியபோது, ஈட்டி ஏந்திய நெடிய உருவம் ஒன்று, ஏன் இன்னும் கிடக்கிறாய் என்று அதட்டுவதாகக் கனவு வந்தது. எழுந்து நடந்தார். பத்து லி சென்றதும் குதிரை பிடிவாதமாக வேறொரு திசையில் இழுத்துச் சென்றது. பசும்புல்லும், கண்ணாடிபோல் தெளிந்த நீர்நிலையும் எதிரே தெரிந்தன. 15 முறை அந்தப் பாலையைக் கடந்த குதிரை நீரின் வாசனையை அறிந்தது என்றும் கூறலாம். யுவான் சுவாங் அதைப் போதிசத்துவரின் கருணை என்றே கொண்டார்.

போதிமர நிழலில்

அதற்குப் பின் வந்த இடர்களும் சிறியவை அல்ல. டுர்ஃபான் பகுதியை ஆண்ட காவோசாங் அரசர் அவரைத் தம் நாட்டிலேயே இருத்திக்கொள்ள வற்புறுத்தினார். மூன்று நாட்கள் நீரும் அருந்தாமல் இருந்தபின் மனம் மாறி, வழியிலுள்ள 24 நாடுகளுக்கு அறிமுகக் கடிதங்கள் தந்து அனுப்பினார். பனி மூடிய மலைகளைக் கடக்கையில் உடன் வந்தோரில் பலர் மாண்டனர். சாமர்கண்டு, பாமியான், காந்தாரம் வழியாகக் காஷ்மீரத்தை அடைந்து அங்கே இரண்டு ஆண்டுகள் கற்றார்.

புத்தகயையில் போதிமரத்தின் முன் நின்றபோது அவர் கதறி அழுதார். புத்தர் ஞானம் பெற்ற வேளையில் தாம் எந்தப் பிறவியில் எங்கே அலைந்துகொண்டிருந்தோமோ என்ற ஏக்கம் அது. அங்கே எல்லைக் குறிகளாக இரண்டு அவலோகிதேஸ்வரர் சிலைகள் கிழக்கு நோக்கி அமர்ந்திருந்தன. அவை மண்ணுக்குள் புதைந்து மறையும்போது பாரதத்தில் புத்த தர்மமும் மறையும் என்பது முதியோர் வாக்கு. தெற்குச் சிலை மார்புவரை புதைந்துவிட்டதை யுவான் சுவாங் கண்டு எழுதினார். கபிலவஸ்துவும் சிராவஸ்தியும் பாழடைந்து கிடந்ததை நேரில் கண்டு வந்தவருக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்!

நாளந்தாவில் அவரை வரவேற்றவர் சீலபத்திரர். நூறு வயதைக் கடந்த அந்தப் பேராசிரியரின் பெயரைச் சொல்லவும் தயங்கி, தர்மப் புதையல் என்றே அனைவரும் அழைத்தனர். சீன மாணவரை ஏற்றுக்கொண்டதும், சீலபத்திரர் தம் உறவினரான புத்தபத்திரரை அழைத்து ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்லச் செய்தார். நெடுங்கால மூட்டு நோயின் வேதனை தாளாமல் மூன்று ஆண்டுகளுக்கு முன் சீலபத்திரர் உண்ணாநோன்பிருந்து உயிர்விட எண்ணினார். அன்றிரவு கனவில் மஞ்சுஸ்ரீ, அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர் மூவரும் தோன்றி, உடலை வெறுத்து விடுவதில் பயனில்லை, தர்மத்தைக் கற்பிப்பாயாக, சீன தேசத்திலிருந்து ஒரு துறவி வருவார், அவருக்காகக் காத்திரு என்று ஆணையிட்டனர். வேதனையும் தணிந்தது. எத்தனை ஆண்டுகள் வழியில் கழிந்தன என்று கேட்டபோது, மூன்று என்றார் யுவான் சுவாங்.

அங்கே அவர் ஐந்து ஆண்டுகள் தங்கி, யோகாசார பூமி சாஸ்திரத்தை ஆசிரியரிடம் மும்முறை கேட்டார். தர்க்கமும் வடமொழி இலக்கணமும், அந்தணர்களின் சாஸ்திரங்களும் பயின்றார்.

மூன்று மலர்மாலைகள்

கற்றல் நிறைந்தபின் கிழக்கு நோக்கிப் புறப்பட்டவர், வழியில் ஒரு தனிமலையின் மேலிருந்த விகாரத்தில் சந்தன மரத்தாலான அவலோகிதேஸ்வரர் திருவுருவத்தைத் தரிசித்தார். ஏழு நாள், பதினான்கு நாள் என உணவின்றிப் பிரார்த்திக்கும் அன்பர்கள் அங்கே எப்போதும் இருந்தனர். சிலையை எவரும் தீண்டி மாசுபடுத்தாதபடி ஏழு அடி தூரத்தில் வேலி. வெளியே நின்று மலர்மாலையை வீச வேண்டும். அது திருமேனியில் தங்கினால் வேண்டுதல் பலிக்கும் என்பது வழக்கம்.

யுவான் சுவாங் பல வண்ண மலர்களைத் தொடுத்துக்கொண்டு வந்து மண்டியிட்டார். நலமாகத் தாய்நாடு திரும்புவது உண்டு எனில் மாலை திருக்கைகளில் தங்கட்டும் என்பது முதல் வேண்டுதல். தாம் ஈட்டிய புண்ணியத்தால் துஷித லோகத்தில் மைத்ரேயரின் அருகில் பிறக்க இயலுமெனில் திருத்தோள்களில் தங்கட்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது, இளமையிலிருந்து அவரை அரித்துக்கொண்டிருந்த ஐயம். சிலருக்குப் புத்தத்தன்மையே இல்லை என்று சாஸ்திரம் சொல்கிறதே, தாம் அவர்களில் ஒருவரோ? இல்லையெனில் மாலை திருக்கழுத்தில் விழட்டும்.

அன்றைய இந்தியாவிலேயே தலைசிறந்த கல்விக்கூடத்தில் ஐந்தாண்டு பயின்ற பண்டிதர் இவர். சாஸ்திரங்களால் தீராத ஐயத்தை ஒரு மரச்சிலையின் முன், மாலை தொடுத்து வந்த கிராமத்து அன்பரைப்போல் கேட்டு நின்றார். மாலைகள் மூன்றும் அவர் வேண்டியபடியே விழுந்தன. அருகிலிருந்தோர் ஆரவாரித்து, புத்தநிலை அடையும் நாளில் தங்களை மறவாது கரையேற்ற வேண்டுமென்று அவரிடமே வேண்டிக்கொண்டனராம்.

காஞ்சிவரை வந்த கால்கள்

கடல்வழியே இலங்கை செல்லும் எண்ணத்துடன் வங்கத்துத் தாமிரலிப்தியை அடைந்தார். நீண்ட கடற்பயணத்தின் ஆபத்தை எடுத்துச் சொன்ன ஒரு தென்னாட்டுத் துறவி, தரைவழியே தெற்கே சென்றால் அங்கிருந்து மூன்று நாளில் இலங்கையை அடையலாம் என்றார். கலிங்கம் வழியாக ஆந்திரம் வந்தார். கிருஷ்ணை நதிக்கரையில் இன்றைய அமராவதியான தான்யகடகத்தில் சில மாதங்கள் தங்கி, இரு துறவிகளிடம் அபிதர்ம நூல்களைக் கற்று, அவர்களுக்கு மகாயான சாஸ்திரங்களைக் கற்பித்தார்.

தான்யகடகத்திலும் அவலோகிதேஸ்வரரின் நினைவு இருந்தது. பாவவிவேகர் என்னும் பேரறிஞர், எதிர்காலப் புத்தரான மைத்ரேயரைக் கண்டு தம் ஐயம் தீர விரும்பி, அவலோகிதேஸ்வரரின் திருவுருவின் முன் மூன்று ஆண்டுகள் உணவை விலக்கி நீர் மட்டும் அருந்தி மந்திரம் ஓதினாராம். போதிசத்துவர் காட்சி தந்து, தான்யகடகத்தின் தெற்கே உள்ள மலைக்குப் போகுமாறு பணித்தார். பாறை திறக்க, அதனுள் புகுந்து மைத்ரேயரின் வருகைக்காகக் காத்திருக்கிறார் என்பது அவ்வூர் மக்கள் சொன்ன வரலாறு.

கிருஷ்ணைக்கும் காஞ்சிக்கும் இடையே, இன்றைய நெல்லூர், திருப்பதி, சித்தூர்ப் பக்கங்கள் அடங்கிய அந்தப் பரப்பு அக்காலத்தில் பெரும்பாலும் அடர்காடு. குடிகள் குறைந்து, கள்வர் மிகுந்து, விகாரங்கள் இடிந்து கிடந்த நாடாக அதன் ஒரு பகுதியை யுவான் சுவாங் வர்ணிக்கிறார். அந்தக் காடுகளைத் தாண்டி, ஏறத்தாழ கி.பி. 640-இல், காஞ்சிபுரத்தை வந்தடைந்தார்.

பல்லவன் முதலாம் நரசிம்மவர்மனின் காலம் அது. மண் வளமும், மக்களின் துணிவும், வாய்மையும், கல்வியில் அவர்களுக்கிருந்த மதிப்பும் அவரைக் கவர்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட விகாரங்கள், பதினாயிரம் பிக்ஷுக்கள், எண்பது தேவாலயங்கள், பல சமணர்கள் என்று அவர் கணக்குத் தருகிறார். அவரைப் பொறுத்தவரை காஞ்சி இன்னொரு காரணத்தாலும் புனிதமான ஊர். சீலபத்திரரின் குருவான தர்மபாலர் பிறந்த மண் அது. அமைச்சரின் மகனான தர்மபாலர், அரசகுமாரியை மணக்க வேண்டிய நாளின் முன்னிரவில் புத்தர் திருமுன் அழுது வேண்ட, ஒரு தேவதை அவரைத் தொலைவிலுள்ள மலை விகாரத்தில் கொண்டு சேர்த்ததாக ஊரார் கூறினர். சீனத்திலிருந்து நாளந்தா சென்று கற்ற ஞானத்தின் ஊற்றுக்கண் தமிழகத்தில் இருந்தது!

இலங்கைக்குக் கப்பலேற வேண்டியதுதான் மிச்சம். ஆனால் அங்கிருந்து முந்நூறு பிக்ஷுக்கள் காஞ்சிக்கு வந்திறங்கினர். அரசர் இறந்து, நாட்டில் பஞ்சமும் குழப்பமும் மிகுந்திருப்பதாகக் கூறினர். யோகாசாரத்தின் கடினமான பகுதிகளை அவர்களுடைய தலைவர்களிடம் யுவான் சுவாங் கேட்டுப் பார்த்தார்; சீலபத்திரர் விளக்கியதற்கு மேல் அவர்களால் எதுவும் கூற இயலவில்லை. இலங்கைப் பயணத்தைக் கைவிட்டார்.

மலை ஏற முடியாதவர்களுக்கு

காஞ்சியில் இருக்கும்போது தெற்கே மலயகூட நாட்டைப் பற்றிக் கேட்டறிந்தவற்றை அவர் எழுதி வைத்தார். பாண்டிய நாட்டுப் பகுதியே அது. அங்கே சந்தன மரங்களும் கற்பூர மரங்களும் நிறைந்த மலயமலை. அதற்குக் கிழக்கே போதலக மலை. வழி மிகக் கடினம். பாறைகளும் பள்ளங்களும் நிறைந்தது. உச்சியில் கண்ணாடிபோன்ற நீருடைய ஓர் ஏரி; அதிலிருந்து ஒரு பேராறு பிறந்து, மலையை இருபது முறை சுற்றித் தென்கடலில் கலக்கிறது. ஏரிக்கரையில் கல்லாலான தேவமாளிகை. அவலோகிதேஸ்வரர் அங்கே வந்து போகிறார். அவரைக் காணும் ஆவலில் உயிரைப் பொருட்படுத்தாமல் ஆற்றைக் கடந்து மலை ஏறுவோர் உண்டு. சென்று அடைபவர் மிகச் சிலர்.

இதற்கு அடுத்து அவர் எழுதியிருப்பது நம் கவனத்திற்கு உரியது. மலையேற இயலாமல் அடிவாரத்தில் நின்று மனமுருகி வேண்டுவோருக்கும் போதிசத்துவர் காட்சி தருகிறார். சில வேளை மகேஸ்வரனாகவும், சில வேளை உடலெங்கும் நீறு பூசிய பாசுபதத் துறவியாகவும் தோன்றி, அவர்கள் வேண்டியதை அருள்கிறார். பௌத்தத்தில் அசையாப் பிடிப்புள்ள ஒரு சீன அறிஞர், தம் இஷ்ட தெய்வம் தமிழ் மண்ணில் சிவபெருமானின் கோலத்தில் வந்து அருளுவதை எந்தத் தயக்கமும் இன்றிப் பதிவு செய்கிறார். தத்துவ வாதங்களில் மாற்றுச் சமயத்தாரைச் சிறிதும் விட்டுக்கொடுக்காதவர் அவர் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

போதலகம் நம் பொதியில் மலையே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. 11-ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம் என்ற இலக்கண நூல், அகத்திய முனிவர் தமிழைக் கற்றது அவலோகிதரிடம் என்று கூறுவது இத்துடன் நன்கு பொருந்துகிறது. அந்த மலையின் பெயர் கடல்களையும் பனிமலைகளையும் தாண்டிப் போயிற்று. லாசாவின் போதலா அரண்மனைக்கும், சீனக் கடற்கரையில் குவான்யினின் புண்ணியத் தலமான புதுவோ தீவுக்கும் அதே பெயர்தான்.

யுவான் சுவாங் அந்த மலைக்குச் சென்றதாக ஹுய்லியின் வரலாறு கூறவில்லை. காஞ்சியோடு அவருடைய கால்கள் வடமேற்கே திரும்பின. பாலையில் தம்மைக் காத்தவரின் இல்லம் இருக்கும் திசையைக் கேட்டறிந்து எழுதிவிட்டு அவர் நகர்ந்தார்.

அரசர்களின் நடுவே

மராட்டிய நாடு, கூர்ஜரம் எனச் சுற்றி மீண்டும் நாளந்தா சேர்ந்தார். ஹர்ஷர் அவரை அழைத்துக் கன்னோசியில் பெரிய வாதசபை கூட்டியதும், பிரயாகையில் தம் செல்வமனைத்தையும் தானமாக அளித்ததும் பலரும் அறிந்தவை. அந்த ஹர்ஷருக்கும் ஒரு வரலாறு உண்டு. தமையன் கொல்லப்பட்டபின் அரசேற்பதா என்று கலங்கிய இளவரசர், கங்கைக்கரையில் இருந்த அவலோகிதேஸ்வரர் சிலையின் முன் நோன்பிருந்தார். சிங்காதனத்தில் அமராமல், மகாராஜா என்ற பட்டத்தையும் ஏற்காமல் ஆட்சிப் பொறுப்பை மட்டும் ஏற்குமாறு போதிசத்துவர் பணித்ததாக யுவான் சுவாங் குறித்துள்ளார்.

கி.பி. 643-இல் தாயகம் நோக்கிப் புறப்பட்டார். சிந்து நதியைக் கடக்கையில் எழுந்த அலையில் 50 சுவடிகளும், சேகரித்திருந்த மலர் விதைகளும் போயின. திரும்பி வந்து மூன்று ஆண்டுகள் தங்குவதாகக் காவோசாங் அரசருக்கு அவர் வாக்களித்திருந்தார். அதற்குள் அந்த அரசரும் இறந்து, அந்நாடும் டாங் பேரரசில் இணைக்கப்பட்டுவிட்டது. அந்த வாக்கை நிறைவேற்ற இயலாமலே போயிற்று. கி.பி. 645-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 20 குதிரைகள் சுமந்த 657 நூல்களோடு சாங்கான் நகருக்குள் நுழைந்தார். அனுமதியின்றி ஓடியவரைக் காண வீதியெங்கும் மக்கள் திரண்டனர். துறவை விட்டு அமைச்சராகுமாறு பேரரசர் கேட்டதையும் பணிவோடு மறுத்து, மொழிபெயர்ப்பில் அமர்ந்தார்.

நாமத்தின் பொருள்

அந்தப் பணியில்தான் ஒரு நுட்பமான கேள்வி எழுந்தது. கி.பி. 406-இல் குமாரஜீவர் செய்த சத்தர்மபுண்டரீக சூத்திரத்தின் சீன மொழிபெயர்ப்பில் போதிசத்துவரின் பெயர் குவான்-ஷி-யின். உலகின் ஓலத்தை உற்று நோக்குபவர் என்று பொருள். மக்கள் நாவில் அது குவான்யின் ஆயிற்று. வடமொழி இலக்கணம் கற்ற யுவான் சுவாங் இதை ஏற்கவில்லை. அவலோகித என்றால் நோக்குதல். அதனுடன் சேர்வது ஈஸ்வரன் என்ற சொல். ஓலம் என்பது அந்தப் பெயரில் எங்கும் இல்லை. ஆகவே பழைய மொழிபெயர்ப்புகள் பிழை என்று தம் பயண நூலிலேயே எழுதி, தம் நூல்களில் குவான்-சு-சாய் என்று மாற்றினார். கண்டருளும் ஈஸ்வரர் என்று அதைத் தமிழில் சொல்லலாம். இன்று கிழக்காசிய விகாரங்களில் அன்றாடம் ஓதப்படும் ஹிருதய சூத்திரம் அந்தப் பெயரோடுதான் தொடங்குகிறது.

எனினும் பண்டிதரின் திருத்தம் மக்களின் நாவைத் தொடவில்லை. பிள்ளைப்பேற்றில் வருந்தும் பெண்ணும் புயலில் சிக்கிய மீனவரும் கூப்பிட்டது குவான்யின் என்றே. கூப்பிடுகிறவருக்கு, தன் குரலைக் கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதல்லவா முதலில் வேண்டியது? பாலையின் மணலில் கிடந்தபோது யுவான் சுவாங் முறையிட்ட பெயரையும் ஹுய்லி குவான்யின் என்றே எழுதியிருக்கிறார்.

இந்த வழக்குக்கு 20-ஆம் நூற்றாண்டில் எதிர்பாராத ஒரு சாட்சி கிடைத்தது. நடு ஆசியாவில் கண்டெடுக்கப்பட்ட பழைய வடமொழிச் சுவடித் துணுக்குகளில் அவலோகிதஸ்வர என்ற வடிவம் காணப்பட்டது. ஸ்வரம் என்றால் ஒலி. அந்தப் பெயரின் பழைய வடிவம் அதுவாக இருந்திருக்கலாம். முன்னோர் தாம் கண்ட பாடத்தைத்தான் மொழிபெயர்த்தனர். யுவான் சுவாங் தாம் இந்தியாவில் கற்ற பாடத்திற்கு உண்மையாக இருந்தார். இரு சாராரும் தவறு செய்யவில்லை.

இறுதி நாட்கள்

பத்தொன்பது ஆண்டுகளில் 75 நூல்களை, 1,335 சுருள்களில் அவர் சீனத்திற்குத் தந்தார். இவற்றுள் மிகப் பெரியது மகா பிரஜ்ஞாபாரமிதா. கி.பி. 660-இல் தொடங்கியபோது, அதன் நீளத்தைக் கண்டு சுருக்கி எழுதிவிடலாம் என்று சீடர்கள் வேண்டினர். அவரும் இசைந்தார். அன்றிரவே அச்சமூட்டும் கனவுகள் வந்தன. ஒரு சொல்லும் விடாமல் பெயர்ப்பது என்று மறுநாள் அறிவித்தார். மரணத்திற்குமுன் முடிக்க வேண்டுமே என்ற கவலையோடு உழைத்து, 663-இல் நிறைவு செய்தார். அடுத்து ரத்னகூட சூத்திரத்தை எடுக்குமாறு சீடர்கள் வேண்ட, சில வரிகள் மட்டும் பெயர்த்துவிட்டு, தம் வலிமை முடிந்தது என்று சுவடியை மூடிவிட்டார்.

கி.பி. 664-இன் தொடக்கத்தில் தவறி விழுந்து காலில் அடிபட்டது. அதன்பின் அவர் படுக்கையை விட்டு அதிகம் எழவில்லை. தாம் பெயர்த்த நூல்களின் பட்டியலைப் படிக்கச் செய்து கேட்டார். இருந்த பொருளை எல்லாம் தானம் செய்தார். உருவமும் உணர்வும் எண்ணமும் பற்றுவதற்கு உரியவை அல்ல என்ற பிரஜ்ஞா உபதேசத்தை வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். சிச்சுவானில் அந்த நோயாளி கற்றுத்தந்ததன் பொருளும் அதுவே. வலப்பக்கமாய்ச் சாய்ந்து, வலக்கை தலையைத் தாங்கியபடி கிடந்தவரிடம், மைத்ரேயரின் சபையில் பிறப்பது உறுதிதானா என்று சீடர் ஒருவர் நள்ளிரவில் கேட்டார். உறுதி என்றார் யுவான் சுவாங். அதன்பின் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

அவருடைய எலும்பின் ஒரு சிறு துண்டைச் சீன அரசு 1957-இல் இந்தியாவிடம் அளித்தது. நாளந்தாவின் இடிபாடுகளுக்கு அருகே எழுப்பப்பட்ட அவருடைய நினைவு மண்டபம் 2007-இல் திறக்கப்பட்டது.